வாசலை மறித்துப் போட்ட நாற்காலி

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் யாராவது நோயில் படுத்துவிட்டால் ஊரே போய்ப் பார்த்தாக வேண்டும். கையை வீசிக்கொண்டும் போகக் கூடாது. ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு சாத்துக்குடி, ஒன்றும் முடியாவிட்டால் கோயில் விபூதியாவது மடித்து எடுத்துப் போக வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். "எம்பிள்ள சாகக் கெடந்தப்போ எட்டிப் பாத்தியா நீ?" என்று பதினைந்து வருஷம் கழித்துக் கேட்டுப் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வராதீர்கள் என்று சொல்வது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அந்த வேலையை நான் பார்த்தேன். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, ஒரு வருஷத்துக்கும் மேல். அதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொன்னால்தான் அது ஏன் என்று விளங்கும்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எங்கள் ஊர். நிலம் நிறைய இருந்த குடும்பம் என்று பெயர். என் அப்பா அந்த நிலத்தோடு மல்லுக்கட்டியே போய்ச் சேர்ந்தார். மழை பெய்தால் கொஞ்சம் கம்பு, சோளம். பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம். கடைசியில் சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து, வெயில் நன்றாக அடிக்கிறது என்பதற்காகவே அதை வாங்கிக்கொண்டார்கள். வெயிலைத் திட்டாத நாளில்லை எங்கள் வீட்டில். அந்த வெயில்தான் எனக்குப் பணம் கொடுத்தது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஊரில் யாராவது என்னைப் புகழ ஆரம்பித்தால் "பாடுபட்டு முன்னுக்கு வந்தவரு" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் ஒரு பாடும் படவில்லை.

பணம் வந்து இரண்டாவது வருஷம், என் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தவரின் மகனுக்கு உடம்புக்கு வந்தது. ஐந்து வயதுப் பையன். காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. காலெல்லாம் கன்றிப்போய் நீலம் நீலமாக இருந்தது. அருப்புக்கோட்டையில் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து இருக்கிறது, இரண்டு இரண்டரை வருஷம் விடாமல் கொடுக்க வேண்டும், நிறையப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நான் அந்தத் தகப்பனின் தோளைத் தொட்டு, "எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன். அதைச் சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அதையும் மறைக்கவில்லை.

முதல் சுற்று மருந்து முடிந்து இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். என் காரிலேயே கூட்டி வந்தேன். காரியாபட்டி தாண்டும்போது பின்சீட்டிலிருந்து அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, வீட்டுல ஆளுக கூடக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாக. பிள்ளைக்கு எதுக்கிற சக்தி இல்லயாம்."

நான் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னேன். "அது அவுக எல்லாருக்கும் சொல்றதுப்பா. ஊருல உள்ளவுக வந்து பாக்காம எப்புடி? பிள்ளைக்கும் ஒரு தெம்பு வேணாமா?"

அவர் என்னிடம் எதிர்த்துப் பேச மாட்டார். அவருடைய அப்பாவும் என் அப்பாவிடம் எதிர்த்துப் பேசியதில்லை.

நான்தான் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியிருந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் கார் நின்றதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆரத்தி எடுத்தார்கள். ஒவ்வொரு பெண்ணும் பையனின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். பூசாரி விபூதியை நெற்றியில் பூசி, மிச்சத்தை முகத்தில் ஊதினார். யாரோ தட்டில் சீனி நீட்டினார்கள். அதில் ஒரு சிட்டிகையை என் விரலாலேயே எடுத்துப் பையனின் வாயில் போட்டேன். சப்புக்கொட்டிக்கொண்டு சிரித்தான். அடுத்த நான்கு நாளும் அந்த வீட்டில் ஆள் வந்தபடியே இருந்தது. ரொட்டிப் பாக்கெட்டுகளை அடுக்க இடமில்லை என்று அவன் அம்மா பெருமையாகச் சொன்னாள்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். விடிந்ததும் என்னிடம் சொல்லலாம், அதற்குள் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று இருந்திருக்கிறார்கள். மதுரை போய்ச் சேரும்போது மத்தியானம். மூன்று நாள் கழித்துப் பையன் போய்விட்டான்.

அங்கிருந்த டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. "காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரத்துல வந்துரணும்னு சொல்லியிருந்தமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரிடமிருந்து எது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். என் விரலில் இருந்த சீனி மட்டும் எனக்கு மறக்கவில்லை. இன்றுவரை பிரசாதம் என்று யாராவது சர்க்கரை நீட்டினால் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு எங்காவது எறும்புக்குப் போட்டுவிடுகிறேன்.

அவன் அப்பா அடுத்த மாதம் வேலையை விட்டார். டிராக்டர் சாவியை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினார். காரியாபட்டிப் பக்கம் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. என்னிடம் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு பணத்தால் ஆகக்கூடியதையெல்லாம் செய்தேன். மதுரையில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கி, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளோடு வருகிற தாய் தகப்பன் தங்கிச் சமைத்துக்கொள்ள விட்டேன். மல்லாங்கிணற்றிலிருந்து, பந்தல்குடியிலிருந்து எல்லாம் வந்து தங்கினார்கள். ஒரு காரும் டிரைவரும் இதற்கென்றே வைத்தேன். மருந்து ஏற்றிக்கொள்கிற பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், காய்ச்சல் என்று போன் வந்த நிமிஷம் கார் கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ அதை யாரும் எடுக்கக் கூடாது, நானும்தான். ஊரில் அதற்குக் காய்ச்சக் காரு என்றே பெயர் விழுந்துவிட்டது. அது தெருவுக்குள் நுழைந்தால் ஆடுகளைக்கூடப் பிடித்து இழுத்து வழிவிடுவார்கள். இதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்று நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். போர்த்திக்கொள்ள இது என்ன குளிர்காலமா என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பெண் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தது. எங்கள் ஊர்தான், எட்டு வயது. அவளுடைய தாத்தாக்கள் எங்கள் மாதிரிக் குடும்பங்களின் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அதே நோய், அதே ஆஸ்பத்திரி. முதல் சுற்று முடிந்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற அன்று நான் மதுரை வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையின் அம்மா அடுப்படியில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஐயா, ஒரு ஒத்தாசை வேணும்."

எவ்வளவு என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது எனக்கு.

"காசு இல்லைய்யா. அது நீங்க கேக்காமலே செய்றீக. வாரவுகள வேணாம்னு சொல்ல எங்களால முடியாது. எங்க வீட்டுக்காரரு ஊர்ல ஒருத்தரையும் எதுத்துப் பேசுன ஆளில்ல. நான் சொன்னா திமிருன்னுவாக. நாளைக்கு எங்களுக்கு ஒரு நல்லது பொல்லதுன்னா அவுகதான வரணும்? அந்தப் பையனுக்கு ஆனது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் வருவாக. வராம இருந்தா தப்புன்னு வருவாக."

சேலையில் கையை மறுபடி துடைத்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொன்னா கேப்பாகய்யா."

அவள் உண்மையில் கேட்டது எதை என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். நான் சொன்னால் கேட்பார்கள் என்பது என் நல்ல குணத்துக்குக் கிடைத்த மரியாதை அல்ல. எங்கள் நிலத்தில் வேலை பார்த்துப் பழகிய பயம் அது. எங்கள் வீட்டுக்காரர்கள் அதை வைத்து நல்லது எதுவும் பெரிதாகச் செய்ததில்லை. அவள் அந்தப் பயத்தைத்தான் வாசலில் கொண்டுவந்து போடச் சொன்னாள்.

மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தத் தெருவில் உட்கார்ந்ததில்லை. ஆளைக் கூப்பிட வேண்டுமானால் முனையில் நின்று சத்தம் கொடுப்பார்கள். நான் அவர்களுடைய வீட்டு வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, கதவை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முகத்தில் மாஸ்க். நானும் உள்ளே போவதில்லை என்பது முதல் நாளே பேசிக்கொண்டது. என் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்து அனுப்பும்போது, "காவக்கார வேலையாவது கெடச்சுதே இந்த வயசுல" என்றாள்.

ஊர் சும்மா விடவில்லை. காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள், நூறு நாள் வேலை முடிந்து வருகிறவர்கள், பக்கத்து ஊர்ச் சொந்தங்கள், எல்லாரும் வந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "பிள்ள நல்லாருக்கு. கவுண்டு எறங்கியிருக்கு. உள்ள யாரும் போகக் கூடாது" என்று ஒரே பாட்டைப் பாடினேன். கவுண்டு என்றால் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை. மதுரை வீட்டில் தங்கிய எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அது இறங்கியிருக்கும்போது பிள்ளைக்கு ஒரு சளிகூட ஆபத்து.

"ஒரு ஓரமா நின்னு மொகத்த மட்டும் பாத்துட்டுப் போறேன்" என்பார்கள்.

"மொகத்த அவ நல்லானதும் பாக்கலாம்."

சிலர் பையை நாற்காலிக் காலடியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் தெருமுனை வரை போய், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். "காசு குடுத்துட்டா பிள்ளைய வெலைக்கு வாங்கிட்டாரா இவரு?" எனக்குக் கோபம் முணுக்கென்று வரும். அன்று எழுந்து போய் நாலு கேட்டிருப்பேன். நாற்காலியை விட்டு எழுந்தால் வேறு யாராவது உள்ளே போய்விடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சன்னல். அதற்குப் பின்னால் கட்டிலைப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தார்கள். அவளுக்கு வெளியில் நடப்பதெல்லாம் கேட்கும்.

"தாத்தா, இப்ப யாரு வந்துட்டுப் போனாக?"

சொல்வேன்.

"என்ன கொண்டாந்தாக?"

"ரொட்டிதான்."

"எல்லாரும் ரொட்டியே கொண்டாராக. ஒருத்தராவது முறுக்கு கொண்டாரக் கூடாதா?"

முடியெல்லாம் கொட்டித் தலை பளபளவென்று இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. சாமிக்குப் போட்ட மொட்டை என்று வைத்துக்கொள்கிறேன் என்றாள். இரண்டு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் ஒரு மணி நேரத்துக்குள் காய்ச்சக் காரு மதுரை போய்ச் சேர்ந்தது. பிள்ளை திரும்பி வந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள், தூறல் விட்டிருந்த மத்தியானம், ஒரு பெரியவர் தெருவில் நடந்து வந்தார். பந்தல்குடிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, விலக்கிலிருந்து நடந்து வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை. நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"கும்புடுறேன்யா. எம்பேத்தியப் பாக்க வந்தேன்."

பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர். சொல்லி முடிக்கவும் இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து இருமினார். நெஞ்சில் சளி கரகரத்தது எனக்கே கேட்டது.

"இருமல் எத்தன நாளா இருக்குங்க?" என்றேன். அவரைப் போன்றவர்களை நான் வாழ்நாள் முழுக்க ஒருமையில்தான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று வாய் தானாக மாறிக்கொண்டது. செய்யப்போகிற காரியத்துக்கு முன்கூட்டியே கொடுத்த கூலியோ என்னவோ.

"மழைக்குப் பிடிச்சதுதேன். அது கெடக்குங்கய்யா."

கதவு பாதி மட்டும் திறந்தது. பிள்ளையின் அம்மா உள்ளே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். விட்டுவிடுங்கள் என்று கேட்கிறாளா, விடாதீர்கள் என்று கேட்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், இன்னும் தெரியவில்லை. அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதன்படி செய்திருப்பேன். சொல்வதற்காக நான் காத்திருக்கவும் இல்லை.

"உள்ள வேணாம் பெரியவரே. பிள்ளைக்கு இந்த வாரம் கவுண்டு ரொம்பக் கொறஞ்சிருக்கு. பதினஞ்சு நாள் போகட்டும். இருமல் நின்னதும் நானே காரு அனுப்பி உங்களக் கூட்டியாரச் சொல்றேன்."

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சரிங்கய்யா. பிள்ளைக்கு நல்லதுன்னா சரி" என்றார். பிறகு பையைத் திறந்து காட்டினார். அன்று பிடுங்கிய நிலக்கடலை, மண்ணோடு. "வறுத்துக் குடுக்கலாமில்ல?" என்று கேட்டார். வறுத்துக் கொடுக்கலாம் என்றேன். அந்த மட்டுக்கும் ஒன்றுக்காவது சரி சொல்ல முடிந்தது.

எதிர்ச்சாரியில் ஒரு முருங்கை மரம். அங்கே போய் நின்றால் சன்னல் வழியாகப் பிள்ளையைக் காட்டலாம் என்று சொன்னேன். அவர் தெருவைக் கடந்து போய் மரத்தடியில் நின்றார். பிள்ளை கட்டிலில் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டிக் கத்தினாள்.

"தாத்தா, எம்மொட்டை தெரியுதா?"

"தெரியுதுத்தா. நல்லாத் தெரியுது" என்று அவர் கையைத் தூக்கினார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நெடுநேரம் நின்றார். இருமல் வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலரை மணி பஸ்ஸுக்கு நேரமானதும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து போனார்.

பதினைந்து நாளில் கார் அனுப்புவேன் என்றேனே, அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். பதினைந்தாம் நாள் பிள்ளைக்கு வாய்ப்புண் வந்து மதுரையில் கிடந்தாள். பிறகு அடுத்த சுற்று மருந்து. கவுண்டு ஏறியிருந்த ஒரு எட்டு நாள் உண்டு. அப்போது அனுப்பியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் போகட்டும், நன்றாகத் தேறட்டும் என்று தள்ளிவைத்தேன். தை பிறந்து ஒரு வாரத்தில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. நெஞ்சுச் சளி என்றார்கள்.

பிள்ளையின் அம்மா காய்ச்சக் காரில் போக மாட்டேன் என்றுவிட்டாள். அது பிள்ளைகளுக்கான கார் என்று பஸ்ஸிலேயே போனாள். நான் என் காரில் போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, மாலையைப் போட்டுவிட்டு வந்தேன். கேதம் கேட்க வந்த கூட்டத்துக்குள் இருந்துவிட்டு வந்தவள் என்பதால், ஊருக்குத் திரும்பியும் அவள் ஐந்து நாள் தன் வீட்டுக்குள் நுழையவில்லை. பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டு, சன்னல் வழியாக மகளோடு பேசினாள். அப்படி யாரும் சொல்லவில்லை. அவளாகவே வைத்துக்கொண்டது.

என்னிடம் அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் போல் பதினோரு மணிக்கு டீ வந்தது. எப்போதும் போல் டம்ளரை நாற்காலிக்குப் பக்கத்துத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். டிராக்டர்காரரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்காத கேள்வியைச் சுமந்துகொண்டு டீ குடிப்பது லேசான காரியமில்லை. நானாக ஒரு நாள், "உங்கப்பாவ அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். "டீ ஆறுதுங்கய்யா" என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். முடி தோளைத் தொடுகிறது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் நாளில் அது எனக்கும் தெரியாது, அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது.

சித்திரை மாதம். பெரிய மருந்துகளில் கடைசிச் சுற்று முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். இதைத் தாண்டிவிட்டால் பிறகு பெரும்பாலும் மாத்திரைகள்தான் என்றிருந்தார் டாக்டரம்மா. கவுண்டு மிகவும் இறங்கியிருந்தது. அதற்குள் ஊரும் பழகிவிட்டது. வருகிறவர்கள் எதிர்ச்சாரியிலேயே நின்று விசாரித்துவிட்டு, கொண்டுவந்ததை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார்கள். முறுக்குகூட வர ஆரம்பித்திருந்தது. சொல்லப்போனால் நான் அங்கே உட்கார வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. ஆனாலும் போனேன். போகாவிட்டால் பொழுது போகவில்லை. கவுண்டு நன்றாக இருந்த நாட்களில், மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிலைப்படி வரை போய், பிள்ளையோடு பேசிவிட்டு வருகிற பழக்கமும் வந்துவிட்டது. நானே போட்ட சட்டத்துக்கு நானே விலக்குக் கொடுத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு நாளாகத் தொண்டை சரியில்லை. வெயிலில் கிளம்புகிற தூசி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அன்று காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, பழக்கம்போல் நேராக நிலைப்படியை நோக்கி நடந்தேன். போகிற போக்கில் ஒரு இருமல் வந்தது. ஒன்றே ஒன்று.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. பிள்ளையின் அம்மா வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். சாத்திவிட்டு அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"நில்லுங்கய்யா."

நின்றேன்.

"உள்ள வேணாம்."

"தூசிம்மா. இந்தப் புழுதிக்கு..."

"உள்ள வேணாம்யா."

எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் என் வீடு, என் கார், என்னால் நடக்கிற வைத்தியம், என்னையா என்று ஒன்று உள்ளே எழுந்து நின்றது. இதை எழுதாமல் மறைத்தால் நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். அது என் முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவள் வீட்டில் யாரும் எங்கள் வீட்டு ஆட்களை அப்படி நேருக்கு நேர் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"எங்கப்பாவுக்கே கதவத் தெறக்கல நான்" என்றாள். "உங்களுக்குத் தெறப்பேனா?"

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் கதவை விட்டு நகரவில்லை. அவள் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கதவைத் திறக்காதது நான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசி மத்தியானம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தானும் சேர்ந்து மறித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் கேட்காமல் விட்டதும் அதனால்தான். எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழுந்தால் அதற்கும் அவள் பக்கத்தில் போக வேண்டும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எதுத்தாப்புல நில்லுங்கய்யா. பிள்ளய சன்னல்ட்ட கூட்டியாரேன்."

நான் தெருவைக் கடந்து போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். அத்தனை மாதம் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவன், ஒரு தடவைகூட அங்கே போய் நின்று பார்த்ததில்லை. வெயில் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. சன்னல் சின்னது. கம்பிக்குப் பின்னால் வெறும் இருட்டு. அதற்குள் ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. நான் கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவன். அந்தப் பெரியவர் செய்துகொண்டிருக்க மாட்டார்.

"தாத்தா, தெரியுதா?" என்று உள்ளிருந்து பிள்ளை கத்தினாள்.

"தெரியுதுத்தா" என்று கையைத் தூக்கினேன். "நல்லாத் தெரியுது."